கோட்டுக்கு அக்கரையில் இருப்பவர்

(தலவிலவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சர்வதேசச் சட்டம் என்றால் ஹேக், ஜெனீவா, நியூயோர்க் என்று மூன்று ஊர்களின் பெயர்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்த வரிசையில் தலவிலவையும் சேர்க்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1890-ல் இலங்கைக் குடியேற்ற அரசு சங்குக் கட்டளைச் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. மன்னாருக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கடலில் சங்கு, கடலட்டை, பவளம், சிப்பி எடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. எந்தக் கடல் என்று சொல்ல வேண்டுமே, அதற்காக ஒரு கோடு போட்டார்கள். தலைமன்னாருக்கு மேற்கே ஆறு மைலில் ஒரு புள்ளி. தலைவில்லுவுக்குத் தெற்கே இரண்டு மைலில் உள்ள கரையிலிருந்து மேற்கே ஆறு மைலில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டுக்குக் கிழக்கே உள்ள கடல் முழுவதும் சட்டத்துக்குள் வரும். தலைவில்லு என்று ஆங்கிலேயர் அச்சிட்டது இந்த ஊரைத்தான். அன்னம்மாள் கோயிலுக்கு வரும் யாத்திரிகரில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

வரைபடத்தை விரித்தால் இந்தக் கோட்டின் துணிச்சல் புரியும். கற்பிட்டிக் குடாநாட்டைத் தாண்டியதும் கரை கிழக்கே உள்வாங்கி, சிலாவத்துறை, அரிப்பு வழியாக வளைந்து மன்னாருக்குப் போகிறது. கோடோ வளையாமல் நேரே போகிறது. ஆகவே கோட்டின் நடுப்பகுதி கரையிலிருந்து மூன்று மைலை எவ்வளவோ தாண்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் ஓர் அரசின் அதிகாரம் கரையிலிருந்து மூன்று மைலோடு முடிந்தது, அதற்கப்பால் கடல் பொது. மூன்று மைல் என்று உலகத்துக்கு வாய் ஓயாமல் உபதேசம் செய்தது பிரித்தானியா. கோட்டைப் போட்டதும் அதே பிரித்தானியாதான்.

இந்த முரண் மூன்றே ஆண்டுகளில் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. பெரிங் கடலில் கடல்நாய் வேட்டையாடிய கப்பல்களை அமெரிக்கா பிடித்துவைத்திருந்தது. அவை பிரித்தானியக் கொடியின் கீழ் கனடாவிலிருந்து வந்த கப்பல்கள். 1893-ல் நடுவர் மன்று கூடியபோது அமெரிக்க வழக்கறிஞர்கள் இலங்கையை எடுத்துப் போட்டார்கள்: முத்துப் பார்களுக்காக மூன்று மைலுக்கு அப்பால் நீங்கள் படகு பிடிக்கலாம், கடல்நாய்க்காக நாங்கள் பிடிக்கக்கூடாதா? பிரித்தானியத் தரப்பில் சர் சார்ல்ஸ் ரசல் பதில் சொன்னார். மேலே ஓடும் நீர் வேறு, கீழே கிடக்கும் படுகை வேறு. நெடுங்காலமாக ஓர் அரசு தொடர்ந்து கையாண்டு, பிறர் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட படுகை அந்த அரசின் உடைமையாகலாம். நீந்தித் திரியும் விலங்குக்கு அந்த நியாயம் பொருந்தாது. அமெரிக்காவின் உரிமைக் கோரிக்கை தோற்றது. ஆனால் ரசல் தன் வழக்கை வெல்வதற்காகச் சொன்ன பதில் அந்த வழக்கோடு தீர்ந்துபோகவில்லை.

1920களில் சர் செசில் ஹர்ஸ்ட் என்ற சட்ட அறிஞர் கடலடி யாருடையது என்ற கேள்வியோடு ஒரு கட்டுரை எழுதினார். அதில் இலங்கையின் முத்துப் பார்கள் வருகின்றன. 1903–04-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன அன்னக்குமாரு பிள்ளை வழக்கும் வருகிறது. பாக்கு நீரிணையின் சங்குப் படுகையில் அனுமதியில்லாமல் சங்கு எடுத்தால் அது திருட்டா என்பதுதான் அந்த வழக்கின் கேள்வி. திருட்டுத்தான் என்றது மன்று. 1945-ல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கண்டமேடையின் வளங்கள் தம் நாட்டுக்கே உரியவை என்று பிரகடனம் செய்தபோது உலகம் அதைப் புதுமையாகப் பார்த்தது. நம் மன்னார்க் கடலைத் தெரிந்தவர்களுக்கு அதில் பெரிய புதுமை இல்லை. 1958-ல் ஜெனீவாவில் எழுதப்பட்ட கண்டமேடைச் சமவாயம், கடலடியோடு ஒட்டி வாழும் உயிர்களும் கரையோர நாட்டுக்கே என்றது. 1982-ன் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தின் 77-ஆம் உறுப்புரை அதை அப்படியே வைத்துக்கொண்டது. இன்று சிலியோ நோர்வேயோ தன் கடலடி உயிர்களுக்கு உரிமை கோரும்போது துணைக்கு வரும் வாதத்தின் ஒரு வேர் இங்கே, சங்குப் படுகையில் இருக்கிறது.

நான் இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சர்வதேசச் சட்டம் எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. உலகத்துக்கு ஒரு பாராளுமன்றம் கிடையாது. சர்வதேச நீதிமன்றத்தின் சாசனம், 38-ஆம் உறுப்புரையில், சட்டம் எங்கிருந்து வருகிறது என்று வரிசைப்படுத்துகிறது: அரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கைகள், சட்டமென்று ஏற்றுக்கொண்டு அவை நடந்துகாட்டும் வழமை, நாகரிக நாடுகளுக்குப் பொதுவான சட்டக் கோட்பாடுகள். இதில் வழமைதான் மாணவர்களைக் குழப்பும். எழுதாதது எப்படிச் சட்டமாகும்? கரைவலை போடுகிறவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பாடு யாருடையது, இன்று யார் முறை, யாருக்குப் பின் யார் என்பதற்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒழுங்கு இருந்தது. முறை தவறினால் பொலிஸ் வரப்போவதில்லை. நாளைக்குத் தவறியவரின் முறை வரும்போது பக்கத்துச் சம்மாட்டி தன் வலையை இறக்கிவிடுவார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ போதுமானதாக இருந்தது. ஒருவர் செய்கிறார், மற்றவர் பார்த்துக்கொண்டு மறுக்காமல் இருக்கிறார், பிறகு இருவருமே அதை உரிமை என்று பேசத் தொடங்குகிறார்கள்.

முத்துச் சலாபத்தின் பழைய கணக்குகளில் இந்தப் பேச்சு நன்றாகவே கேட்கிறது. ஒரு குளிகாரன் கட்டிக்கொண்டு இறங்கும் கல்தான் உரிமையின் அளவு. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், இன்ன கோயிலுக்கு இத்தனை கல் என்று பிரித்திருந்தார்கள். ஆள்கிறவர் போர்த்துக்கேயரிலிருந்து ஒல்லாந்தராக மாறினாலும் கல்லின் கணக்கைத் தொடுவது எளிதாக இருக்கவில்லை. குளிகாரர்கள் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தார்கள், அரபுக் கரையிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் இறங்க வேண்டுமென்றால் சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டி கரையில் இருந்தாக வேண்டும். பிரித்தானிய அரசும் அந்த மந்திரவாதிக்குச் சம்பளம் கொடுத்தது. வழமையின் பலத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1758-ல் சுவிற்சர்லாந்துக்காரரான வத்தெல் நாடுகளின் சட்டம் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், கடலில் உடைமை கொள்ளத்தக்கவை எவை என்பதற்குப் பஹ்ரைன், இலங்கை முத்துப் பார்களைத்தான் உதாரணமாக வைத்தார். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

வழமை நல்லவர்களின் வேலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1609-ல் ஒல்லாந்தரான ஹியூகோ குரோசியஸ் கடல் எல்லாருக்கும் பொது என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்குப் பின்னால் இருந்தது, 1603-ல் சிங்கப்பூர் நீரிணையில் ஒல்லாந்தக் கம்பனி பிடித்த ஒரு போர்த்துக்கேயக் கப்பலின் வழக்கு. போர்த்துக்கேயர் கீழைக் கடலைப் பூட்டிவைக்கக்கூடாது என்பது வாதம். தப்ரபேன் என்று நம் தீவின் பெயரும் அதில் வருகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே கம்பனி கற்பிட்டியைப் பிடித்தது, கோட்டை கட்டியது, கண்டி மன்னனின் வாணிபத்துக்கு இந்தக் கரையைப் பூட்டியது. குரோசியஸின் நூலைக் கம்பனி எரிக்கவில்லை. தனக்குச் சாதகமான இடங்களில் தொடர்ந்து மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருந்தது. பலமுள்ளவர் தன் வசதிக்காக ஒரு விதியைச் சொல்கிறார், பிறகு அந்த விதி அவர் கையை விட்டு நழுவி மற்றவர் கைக்கும் போகிறது. சட்டத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த நழுவல்தான்.

உடன்படிக்கைக்கு வருவோம். கடற்சட்டத்தின் பெரிய உடன்படிக்கையை வழிநடத்தியவர் ஓர் இலங்கையர் என்பது நம் பாடப்புத்தகங்களில் உரிய இடம் பெறாத செய்தி. ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க 1968 முதல் ஐ.நா.வின் கடலடிக் குழுவுக்குத் தலைவர். 1973-ல் மூன்றாவது கடற்சட்ட மாநாடு தொடங்கியபோது அதன் தலைவரும் அவரே. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகள். கடற்கரையே இல்லாதவை, நீரிணைகளைக் கையில் வைத்திருந்தவை, அணுநீர்மூழ்கிகளை ஓட்டுகிறவை, கட்டுமரம் ஓட்டுகிறவை எல்லாம் ஒரே மண்டபத்தில். வாக்கெடுப்பு வைத்தால் ஏழை நாடுகள் வென்றுவிடும், பணக்கார நாடுகள் எழுந்து போய்விடும். ஆகவே இணக்கத்துக்கான முயற்சிகள் எல்லாம் தீர்ந்த பிறகே வாக்கெடுப்பு என்று ஒரு கனவான் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டினார்கள்: கப்பல்கள் நீரிணைகளைத் தடையின்றிக் கடக்கலாம், பதிலுக்குக் கரையோர நாடுகளுக்கு 200 கடல் மைல் பொருளாதார வலயம். பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததை விடும் வழி இல்லை.

1977-ல் இங்கே ஆட்சி மாறியது. அமரசிங்க இலங்கைப் பிரதிநிதிகள் குழுவில் இல்லாமல் போனார். சொந்த நாட்டுப் பிரதிநிதியாக இல்லாதவர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கலாமா? 1978 ஜெனீவா அமர்வின் தொடக்கம் முழுவதும் இதே விவாதத்தில் போயிற்று. கடைசியில் மாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. கொழும்பு கைவிட்டவரை உலகம் வைத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது. 1980 டிசம்பரில் அவர் காலமானார். சிங்கப்பூரின் டொமி கோ பொறுப்பேற்று, 1982 ஏப்ரல் 30-ல் 130 வாக்குகளுக்கு 4 என்ற கணக்கில் சமவாயம் நிறைவேறியது. 17 நாடுகள் வாக்களிக்கவில்லை. எதிர்த்த நான்கில் ஒன்று அமெரிக்கா. இன்றுவரை அது சமவாயத்தில் சேரவில்லை. ஆனால் 1983 மார்ச்சில் ரீகன் 200 மைல் பொருளாதார வலயத்தைப் பிரகடனம் செய்தார், கடற்பயணம் பற்றிய விதிகளை வழமைச் சட்டம் என்று ஏற்றுக்கொண்டார். கையெழுத்திடாதவரும் பின்பற்றுகிறார். ஏன்?

இந்தக் கேள்விக்கு வொஷிங்டனைவிட நம் எல்லைக்கோடு நல்ல பதில் தரும். 1974 ஜூன் 26-ல் கொழும்பிலும் 28-ல் புதுடில்லியிலும் கையெழுத்தான உடன்பாடு பாக்கு நீரிணையில் எல்லை வகுத்தது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் வந்தது. 1921-லேயே கொழும்பில் சென்னை மாகாணத்துப் பிரதிநிதிகளும் இலங்கைப் பிரதிநிதிகளும் கூடி, தீவுக்கு மேற்கே மூன்று மைலில் ஒரு மீன்பிடிக் கோட்டுக்கு உடன்பட்டிருந்தார்கள். அது முறைப்படி உறுதிசெய்யப்படவே இல்லை. 1976 மார்ச் 23-ல் இரண்டாவது உடன்பாடு கோட்டைத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள், அதாவது நமக்கு எதிரேயுள்ள கடலுக்குள், நீட்டியது. அன்றே வெளியுறவுச் செயலாளர்கள் கேவல் சிங்கும் டபிள்யூ. டி. ஜெயசிங்கவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றித் தொழில் செய்யாது என்பது அந்தக் கடிதங்களின் சாரம்.

அதன் பிறகு தமிழ்நாட்டு அரசியலில் கச்சத்தீவு எழாத தேர்தல் இல்லை. சட்டமன்றத் தீர்மானங்கள் வந்தன. 2025 ஏப்ரலிலும் ஒன்று வந்தது. முதலமைச்சராக இருந்தவர்களும் இருக்கப்போகிறவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 தேர்தலுக்கு முன் இந்தியப் பிரதமரே அதைப் பேசினார். தேர்தல் முடிந்தது. புதுடில்லியில் எந்தக் கட்சி ஆண்டாலும், ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த உடன்பாட்டை முறித்துக்கொள்வதாக இந்திய அரசு அறிவித்ததில்லை. நம்மைவிட எத்தனையோ மடங்கு பெரிய கடற்படை அதற்கு இருக்கிறது. எல்லை உடன்பாடுகளைச் ‘சூழ்நிலை மாறிவிட்டது’ என்று சொல்லிக் கைவிட முடியாது என்கிறது 1969-ன் வியன்னாச் சமவாயம். அந்தச் சமவாயத்தில் இந்தியா சேரவே இல்லை. ஆனால் இந்தியாவின் எல்லைகள் நம்மோடு முடிவதில்லை. நம்மிடம் ஓர் எல்லைக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டால், வேறிடத்தில் தனக்குச் சாதகமான கையெழுத்துகளுக்கு அது எப்படி வாதாடும்?

2014 ஜூலையில் இந்தியாவின் இந்தக் குணம் இன்னும் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. வங்காள விரிகுடாவில் பங்களாதேஷ் தொடுத்த வழக்கில் நடுவர் மன்று, சர்ச்சைக்குரிய 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐப் பங்களாதேஷுக்குக் கொடுத்தது. இந்தியா ஏற்றுக்கொண்டது. இரண்டாண்டு கழித்துத் தென்சீனக் கடல் வழக்கில் தோற்ற சீனா தீர்ப்பையே நிராகரித்தது. இந்த இரண்டு உதாரணங்களில், சட்டம் பலவீனம் என்று சொல்கிறவர்கள் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். தீர்ப்பைச் சீனா நிராகரித்தாலும், தன் கோரிக்கை சட்டப்படி சரியானது என்று இன்றும் பக்கம் பக்கமாக வாதாடிக்கொண்டிருக்கிறது. சட்டம் வெறும் காகிதமென்றால் அந்தச் சிரமம் எதற்கு?

என் பதில் இதுதான். அரசு சட்டத்துக்குக் கீழ்ப்படிவது தண்டனைக்குப் பயந்து அல்ல, அறத்தின் மேல் காதலாலும் அல்ல. கோட்டுக்கு அக்கரையில் இன்னோர் அரசு இருக்கிறது. அதற்கும் இந்தக் கோடு வேண்டும், திருப்பிச் செய்யும் வல்லமையும் அதற்கு உண்டு. நாளையும் மறுநாளும் அதோடு பேசியாக வேண்டும். அக்கரையில் இருப்பவர்தான் சட்டத்தின் காவலர்.

கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1974 உடன்பாட்டின் 5-ஆம் உறுப்புரைப்படி இந்திய யாத்திரிகருக்குக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை. போர்க்காலத்தில் தடைப்பட்ட அந்த யாத்திரை போருக்குப் பின் மீண்டும் தொடங்கியது. இரு கடற்படைகளும் ஒழுங்கு பார்க்க, படகுகள் வருகின்றன, திருப்பலி முடிந்ததும் போகின்றன. இரு அரசுகளும் விரும்பி நிறைவேற்றும் உறுப்புரை இது. 2024-ல் இராமேஸ்வரத்து மீனவர்கள், கைதுகளைக் கண்டித்து, திருவிழாவுக்கே வரவில்லை. உறுப்புரை அப்படியேதான் இருந்தது; அதை அனுபவிக்க வேண்டியவர்கள்தான் வரவில்லை.

இங்கேதான் கடற்றொழிலாளர் சங்கத்து நண்பர்கள் என்னை நிறுத்துவார்கள் என்று தெரியும். கோட்டை அரசு மதிக்கிறது, சரி; இரவில் வரும் இழுவைப் படகு மதிக்கிறதா? மதிக்கவில்லை. பாக்கு நீரிணையில் வலைகளை அறுத்துக்கொண்டு, கடலடியைச் சுரண்டிக்கொண்டு அது வருவதை வடக்கே நம் மக்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்கிறார்கள். 2017-ல் இலங்கை இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. தமிழ்நாட்டுப் பக்கம் அந்தப் படகுகளுக்குப் பின்னால் கடன் இருக்கிறது, முதலாளி இருக்கிறார், வாக்கு இருக்கிறது. இதில் சட்டம் ஊமையாக இல்லை. 2015 ஏப்ரலில் ஹம்பேர்க்கிலுள்ள கடற்சட்டத்துக்கான சர்வதேச நியாயமன்று ஓர் ஆலோசனைக் கருத்து வழங்கியது: தன் கொடியின் கீழுள்ள படகுகள் இன்னொரு நாட்டின் பொருளாதார வலயத்தில் சட்டவிரோதமாக மீன்பிடிக்காமல் தடுக்க, அந்த அரசு தன்னால் இயன்ற முயற்சியை உண்மையாகச் செய்ய வேண்டும். படகு செய்த ஒவ்வொரு குற்றமும் அரசின் குற்றமாகாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது அரசின் குற்றம்தான்.

இதை நாம் டில்லியை நோக்கிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் இந்தக் கரையில் நின்று சொல்லும்போது தெற்கேயும் மேற்கேயும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டி தொடங்கித் தென்கரை வரையுள்ள பலநாட் கலங்கள் சூரை மீன் தேடி எங்கெல்லாம் போகின்றன என்பது இந்தச் சபைக்குத் தெரியாததல்ல. இந்தியக் கடலோரக் காவல்படையும் நம் படகுகளைப் பிடிக்கிறது. சாகோஸ் தீவுகளைச் சுற்றிய தடைவலயத்திலும் நம் படகுகள் பிடிபட்டு அபராதம் கட்டியிருக்கின்றன. வடக்கில் நாம் முறையிடுகிறவர்கள், மேற்கில் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அந்தப் பதிலை ஐரோப்பா கேட்டது. 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டியது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லை, தண்டனை உறைக்கவில்லை, இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவின் விதிகள் பின்பற்றப்படவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். நாம் அசையவில்லை. 2015 ஜனவரியில் நம் மீன் ஏற்றுமதிக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பலநாட் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி ஏறியது, பதிவுப் புத்தகம் கட்டாயமாயிற்று, அபராதத் தொகைகள் உயர்ந்தன. 2016 ஜூனில் தடை நீங்கியது. ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் கிடந்த கடமைகள் சுமார் ஒன்றரை ஆண்டில் படகுக்கு ஏறின. ஐரோப்பியச் சந்தை இங்கே அக்கரையில் இருப்பவரின் இடத்தில் வந்து நின்றது. அந்த அதிகாரம் பணக்காரரிடம் மட்டுமே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் இந்தியாவுக்கு மஞ்சள் அட்டை காட்ட முடியாது.

அக்கரையில் ஒருவருமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், அதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் சர்வதேசச் சட்டம் பற்றித் தமிழில் ஒரு சொற்பொழிவு செய்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இலங்கை 1980-ல் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் சேர்ந்தது. 1997-ல் அதன் விருப்பத்தெரிவு நெறிமுறையிலும் சேர்ந்தது; அதன்படி இலங்கையில் நீதி கிடைக்காத தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசா முறையிட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004-ல் குழு சொன்னது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் இலங்கை உயர் நீதிமன்றம் வந்தார். 2006-ல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான மன்று அளித்த தீர்ப்பு, அந்த நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், உள்நாட்டில் அதற்கு வலுவில்லை என்றது. ஐ.நா.வில் கொடுத்த வாக்கு புதுக்கடை நீதிமன்ற வாசலில் நின்றுவிட்டது. அதே உயர் நீதிமன்றம் 2000-ல், எப்பாவல பொஸ்பேற்றுச் சுரங்க வழக்கில், ஸ்டொக்ஹோம், ரியோ பிரகடனங்களைத் தாராளமாக எடுத்தாண்டு விவசாயிகளைக் காப்பாற்றியிருந்தது. நீதிபதிக்கு மனமிருந்தால் வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

2009 மே 8-ஆம் திகதி இலங்கை அரசு கண்டமேடையின் வெளி எல்லை பற்றிய தன் கோரிக்கையை ஐ.நா. ஆணைக்குழுவிடம் கொடுத்தது. மே 13-க்குள் கொடுத்தாக வேண்டும், கொடுத்துவிட்டது. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் படிந்திருக்கும் தடித்த வண்டலுக்கென்று 1982 மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இலங்கை பெற்றுக்கொண்ட விசேட முறையை ஆதாரமாகக் கொண்ட, நேர்த்தியான சட்ட வேலை அது. அந்த ஏட்டைச் சமர்ப்பித்த அதே வாரத்தில், போரின் இறுதி நாட்களில், முல்லைத்தீவுக் கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. கடலடி வண்டலின் தடிமன் பற்றிய விதியைக் காலக்கெடு தவறாமல் மதித்த ஓர் அரசு, ஜெனீவா உடன்படிக்கைகளிலும் கையெழுத்திட்டிருந்த அரசுதான். முதலாவதில் அக்கரையில் இந்தியாவும் பங்களாதேஷும் இருந்தன. இரண்டாவதில் எதிரே இருந்தவர்கள் அதன் சொந்தக் குடிமக்கள். அவர்களுக்குத் திருப்பிச் செய்யும் வல்லமை கிடையாது. அவர்களுக்காகக் காலக்கெடு வைக்க யாரும் இல்லை.

மனித உரிமைச் சட்டம் நூறு வகைகளில் முயல்வது, இல்லாத அந்த அக்கரைக்காரரை உண்டாக்கத்தான். அதில் ஒரு வகை சந்தை. 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை பறிபோனது. அந்தச் சலுகையைக் காப்பாற்றும் முயற்சியில்தான் 2007-ல், முன்சொன்ன குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தின் பெயரில், ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் இங்கே இயற்றப்பட்டது. 27 சர்வதேச சமவாயங்களைக் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்ட பின் 2017 மே மாதத்தில் சலுகை திரும்ப வந்தது. ஆடைத் தொழிற்சாலைக்காக மனித உரிமையா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. குரோசியஸ் எழுதியதும் ஒரு கம்பனியின் கப்பலுக்காகத்தான். எனக்குள்ள கவலை வேறு: சந்தை தன் கணக்குக்கு ஏற்பத் திறக்கும், ஏற்பவே மூடும். அதை நம்பி ஒரு தாய் காணாமற்போன தன் மகனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக மீனவர்களிடம் வருகிறேன், ஏனென்றால் 1974-லும் 1976-லும் அவர்களிடம் யாரும் வரவில்லை. இரண்டு தலைநகரங்களும் இரண்டு செயலாளர்களும் கோட்டை எழுதி முடித்தார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வெட்ஜ் பாங்கில் தொழில்செய்த இலங்கைக் கப்பல்களுக்குக்கூட மூன்றாண்டு அவகாசம், ஆண்டுக்கு 2,000 தொன் என்று கடிதத்தில் இடம் கிடைத்தது. பாக்கு நீரிணையின் சிறு படகுகளுக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை.

அரசுகள் செய்யாததைப் பின்னால் இரு கரையினரும் தாமே முயன்றார்கள். 2004-ல் தமிழ்நாட்டு மீனவர் குழு ஒன்று நல்லெண்ணத் தூதாக இங்கே வந்தது. 2010 ஓகஸ்டில் நம் வடபகுதி மீனவர் பிரதிநிதிகள் சென்னை சென்று பேசி, ஓர் இணக்கத்தோடு திரும்பினார்கள். இழுவைமடியை ஓராண்டுக்குள் நிறுத்துவது, அதுவரை ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் வருவது, கரைக்கு அருகே வராமல் இருப்பது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. கால எல்லை இருந்தது, விட்டுக்கொடுத்தல் இருந்தது, தூரக் கணக்கு இருந்தது. ஓர் உடன்படிக்கைக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருந்தன. 38-ஆம் உறுப்புரையின் கண்ணுக்கு மட்டும் அது உடன்படிக்கை அல்ல, கையெழுத்திட்டவர்கள் அரசுகள் அல்லவே. கொழும்பும் டில்லியும் அதை ஏற்று எழுத்தாக்கவில்லை. 2016-ல் இரு நாட்டு அமைச்சர்கள் அமைத்த கூட்டுப் பணிக்குழு இன்றும் அவ்வப்போது கூடுகிறது. அதன் மேசையில் அந்த 2010 இணக்கத்தை மறுபடி வைக்கச் சொல்லி இங்கிருக்கும் சங்கமும் இராமேஸ்வரத்துச் சங்கங்களும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதலாம் என்பது என் யோசனை. சபையில் கேள்விகள் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.